கட்டணப் போரில் கவிழாத கப்பல்: வால்சந்த் ஹீராசந்தின் கடல் வணிகம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 5ஆம் நாள் நம் நாட்டில் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1919ஆம் ஆண்டு அதே நாளில் 'லாயல்டி' என்னும் நீராவிக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை விட்டு லண்டனை நோக்கிப் புறப்பட்டது. இந்தியர்களுக்கு உரிமையான பெருங்கப்பல் ஒன்று, இந்தியக் கம்பெனி ஒன்றின் பெயரால், ஐரோப்பியக் கரைக்குச் சென்ற அந்தப் பயணத்தின் நினைவாகவே அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு மறுநாள், ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடைகள் அடைக்கப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தால், அக்கப்பல் எத்தகைய காலத்தில் நங்கூரம் எடுத்தது என்பது விளங்கும்.

அக்கப்பலை வாங்கிய கம்பெனியை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் வால்சந்த் ஹீராசந்த் தோஷி. இவர் சோலாப்பூரில் வாழ்ந்த ஒரு திகம்பர ஜைனக் குடும்பத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர். கப்பல் கட்டும் தளம், விமானத் தொழிற்சாலை, மோட்டார் தொழிற்சாலை என்று அவர் தொடங்கிய தொழில்களைப் பலரும் அறிவர். எனினும், தம்மைவிடப் பல மடங்கு வலிமை மிக்க போட்டியாளரை எதிர்த்து, அழிந்துபோகாமல் அவர் நிலைத்து நின்ற விதம் நம்மவர்களுள் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் ஆசிரியப் பணியும் நம் தமிழ் ஜைனக் குடும்பங்கள் பலவற்றைப் பல தலைமுறைகளாகத் தாங்கி நின்றவை. இன்று நம் பிள்ளைகளுள் பலர் ஊரை விட்டு நகரங்களுக்கு வந்து, கடை, பட்டறை, சிறு தொழிற்கூடம் என்று சொந்தத் தொழில் தொடங்குகின்றனர். தொடங்கிய சில மாதங்களிலேயே, அடக்கவிலைக்கும் குறைவாக விற்கத் தயங்காத பெருநிறுவனம் ஒன்று எதிர்த் தெருவில் வந்து நிற்கிறது. 'அவர்களோடு நாம் எப்படிப் போட்டியிடுவது?' என்று அவர்கள் கேட்கும்போது, நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எதிர்கொண்ட ஒருவரின் வரலாறு பயன் தரும்.

எதிரி யார், ஆயுதம் எது?

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1856ஆம் ஆண்டு வேறொரு பெயரில் தொடங்கப்பட்டு, 1862 முதல் இப்பெயரால் வழங்கியது. கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் கொண்டு செல்லும் பணியில் தொடங்கி, இந்தியக் கரையோரம் முழுவதையும் அது தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. அஞ்சல் ஒப்பந்தங்களின் வழியே அரசின் பணம் அதற்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. 1914ஆம் ஆண்டு அது பி அண்டு ஓ கம்பெனியோடு இணைந்தது. இணைந்த அமைப்பின் தலைமை இஞ்ச்கேப் பிரபுவின் கைக்கு வந்தது. உலகின் மிகப் பெரிய கப்பல் கூட்டுகளுள் ஒன்று அவ்வாறு உருவாயிற்று.

இக்கம்பெனிகள் புதிய போட்டியாளரை வீழ்த்தக் கையாண்ட வழிகள் இரண்டு. முதலாவது, கட்டணக் குறைப்பு. புதியவர் கப்பல் விடும் வழித்தடத்தில் மட்டும் கட்டணத்தை அடியோடு குறைப்பர். பிற வழித்தடங்களில் வழக்கம்போல் சம்பாதிப்பர். புதியவருக்கோ அந்த ஒரு வழித்தடமே வாழ்வு. ஆகவே இருவரும் ஒரே அளவு கட்டணத்தைக் குறைத்தாலும், இருவருக்கும் நேரும் இழப்பு ஒன்றாகாது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. அதை ஒத்திவைத்த தள்ளுபடி என்பர். ஒரு வணிகர் குறிப்பிட்ட காலம் முழுவதும் தம் சரக்கை இந்தக் கூட்டுக் கம்பெனிகளின் கப்பல்களில் மட்டுமே அனுப்பினால், செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்படும். ஆனால் அது உடனே தரப்படாது. அடுத்து வரும் காலப்பகுதியிலும் அவர் வேறு கப்பலை நாடாதிருந்தால்தான் கைக்கு வரும். இடையில் ஒருமுறை புதிய கம்பெனியின் கப்பலில் சரக்கு ஏற்றினாலும், சேர்ந்திருந்த தள்ளுபடி முழுவதும் போய்விடும். புதியவர் எவ்வளவு குறைந்த கட்டணம் கேட்டாலும் வணிகர் அவரிடம் போகத் துணியாமைக்கு இதுவே காரணம்.

இந்த ஆயுதத்தின் கூர்மையை முதலில் உணர்ந்த இந்தியர்களுள் ஒருவர் ஜாம்ஷெட்ஜி டாட்டா. சீனாவுக்குச் செல்லும் பருத்தி நூலுக்குப் பி அண்டு ஓ வாங்கிய உயர்ந்த கட்டணத்தைப் பொறுக்க இயலாமல், 1890களில் ஜப்பானியக் கப்பல் கம்பெனி ஒன்றின் துணையோடு அவர் 'டாட்டா லைன்' என்னும் கப்பல் சேவையைத் தொடங்கினார். எதிர்த்தரப்பு, டன்னுக்குப் பத்து ரூபாய்க்கும் மேல் இருந்த கட்டணத்தை ஒன்றரை ரூபாய் அளவுக்குக் குறைத்தது. அவருடைய முயற்சியால் பயன் பெற வேண்டிய நூல் வணிகர்களே குறைந்த கட்டணத்தை நாடி எதிர்த்தரப்புக்குச் சென்றனர். டாட்டா லைன் சிறிது காலத்திலேயே மூடப்பட்டது.

தூத்துக்குடி தந்த பாடம்

அடுத்த போர் நம் தமிழகத்திலேயே நடந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கினார். தொடக்கத்தில் பம்பாயிலிருந்து வாடகைக்குப் பெற்ற கப்பல்கள், எதிர்த்தரப்பின் நெருக்குதலால் திரும்பப் பெறப்பட்டன. வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை என்று உணர்ந்த வ.உ.சி. அயராது உழைத்து, 1907ஆம் ஆண்டு 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களைக் கம்பெனிக்குச் சொந்தமாக வாங்கச் செய்தார்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கட்டணப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர்ப் பிரிட்டிஷ் கம்பெனி பயணிகளை இலவசமாக ஏற்றிக்கொள்வதாகவும், கூடவே ஒரு குடை தருவதாகவும் அறிவித்ததாக வரலாற்றில் சொல்லப்படுகிறது. அதன் பிறகும் மக்கள் சுதேசிக் கப்பலை முற்றிலும் கைவிடவில்லை என்பது அக்காலத் தமிழர்களுக்குப் பெருமை சேர்ப்பது.

ஆயினும் 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. சிறையில் அவர் செக்கிழுத்த செய்தி நாம் அனைவரும் அறிந்ததே. தலைவரை இழந்த கம்பெனி 1911ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது.

வ.உ.சி.யின் கம்பெனி வீழ்ந்தமைக்கு முதற்காரணம் அரசின் அடக்குமுறையே, அதில் ஐயமில்லை. ஆனால் வணிக நோக்கில் பார்ப்பவர்க்கு வேறு சிலவும் புலப்படும். ஒரே வழித்தடம், நீண்ட இழப்பைத் தாங்கப் போதாத கையிருப்பு, ஒரு மனிதரின் தோளில் நின்ற நிருவாகம் ஆகிய மூன்றும் எதிரிக்கு எளிய இலக்குகளாயின. தியாகத்திற்குக் குறைவில்லை, ஆனால் தியாகம் மட்டுமே கப்பலுக்கு நிலக்கரி வாங்கித் தராது. இப்பாடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய பொறுப்பு அடுத்து வந்தவர்களுடையதாயிற்று.

'லாயல்டி'யும் முதல் தோல்வியும்

வால்சந்த் தொடக்கத்தில் கப்பல் தொழிலை அறிந்தவர் அல்லர். பருத்தி வாணிகமும் வட்டித் தொழிலும் செய்த குடும்பத்தில் பிறந்து, அவற்றில் மனம் ஒன்றாமல், லக்ஷ்மண்ராவ் பாடக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ரயில் பாதைக் குத்தகைக்காரரானார். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைப்பதும், கூலியாட்களைத் திரட்டுவதும், குறித்த காலத்தில் வேலையை முடித்துக் கொடுப்பதும் அவருக்குக் கைவந்த கலைகள். பெரிய வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிடும் பழக்கம் அத்தொழிலிலிருந்தே அவருக்கு வந்தது எனலாம்.

முதல் உலகப் போர் முடிந்தபோது, குவாலியர் மன்னர் சிந்தியாவின் பொறுப்பில் மருத்துவக் கப்பலாகப் பணியாற்றிய 'லாயல்டி' விலைக்கு வந்தது. நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமல்தாஸ் ஆகிய பம்பாய்ப் பெருவணிகர்களோடு சேர்ந்து வால்சந்த் அதை வாங்கினார். 1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப்பட்ட கம்பெனிக்குச் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்று பெயரிட்டனர்.

முதற்பயணம் நாட்டுக்குப் பெருமை தந்தது. கம்பெனிக்கு இலாபம் தரவில்லை. 'லாயல்டி' 1890களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பழைய கப்பல். நிலக்கரிச் செலவு மிகுதி. ஐரோப்பிய வழித்தடத்தில் வேரூன்றியிருந்த கம்பெனிகள் புதியவருக்கு இடம் தரும் நிலையில் இல்லை. சில ஆண்டுகளில் 'லாயல்டி' ஓட்டம் நிறுத்தப்பட்டு, 1923ஆம் ஆண்டு உடைக்கப்பட்டது. ஆண்டுதோறும் நாம் கொண்டாடும் கப்பலின் முடிவு இதுதான்.

பெருமைக்காக அந்த வழித்தடத்தில் தொடர்ந்து பணத்தைக் கொட்டியிருந்தால், சிந்தியா கம்பெனியின் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அதன் நிறுவனர்கள் அவ்வாறு செய்யவில்லை. லண்டன் வழியை விட்டு, இந்தியக் கரையோரத்துக்கும் பர்மாவுக்கும் கவனத்தைத் திருப்பினர். பயணிகளைவிடச் சரக்கையே முதன்மையாகக் கொண்டனர். இரங்கூன் அரிசி அவர்களுடைய முக்கியச் சரக்குகளுள் ஒன்றாயிற்று. பின்னாளில் அவர்கள் தம் கப்பல்களுக்கு 'ஜல' என்று தொடங்கும் பெயர்களைச் சூட்டினர். அந்தப் பெயர்கள் கரையோரத் துறைமுகங்கள்தோறும் அறிமுகமாயின.

இந்த மாற்றத்தின் பொருளை உணர வேண்டும். பயணி ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பயணம் செய்வார். அன்று எது மலிவோ அதில் ஏறுவார். அரிசி வணிகரோ மாதந்தோறும் சரக்கு அனுப்புபவர். கப்பல்கள் ஒரே கூட்டின் கையில் இருந்தால் நாளை என்ன நேரும் என்பதை அவர் கணக்கிட்டுப் பார்ப்பார். சிந்தியாவை நடத்தியவர்களே பெருவணிகர்கள் ஆதலால், சரக்கு அனுப்புவோரின் மனமும் தேவையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. தமக்குத் தெரிந்த களத்திற்கு அவர்கள் போரை நகர்த்தினர்.

விலை பேச வந்தவர்

போர் நடவாமல் போகவில்லை. கரையோரத்திலும் கட்டணங்கள் சரிந்தன. அதே வேளையில், போர்க்காலத்தில் உச்சத்தில் இருந்த கப்பல் வாடகை உலகெங்கும் வீழ்ந்தது. உயர்ந்த விலைக்குக் கப்பல் வாங்கியவர்கள் தவித்த காலம் அது. சிந்தியாவின் பங்குதாரர்களுக்குக் கவலை மிகுந்தது.

1922ஆம் ஆண்டின் இறுதியில் இஞ்ச்கேப் பிரபு இந்தியாவில் இருந்தார். அரசின் செலவுகளைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட குழுவின் தலைவராக அவர் வந்திருந்தார். நாட்டின் வரவு செலவை ஆராய்பவரும், நாட்டின் கரையோரக் கப்பல்களை ஆள்பவரும் ஒருவரே என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டும். சிந்தியா கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொள்ள அவர் முன்வந்தார். கம்பெனி விற்க மறுத்தது.

தொடர்ந்து நடந்த பேச்சின் முடிவில், 1923ஆம் ஆண்டு பத்தாண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சிந்தியா கரையோரக் கூட்டில் ஓர் உறுப்பினராக ஏற்கப்படும். கட்டணப் போர் நிற்கும். அதற்கு ஈடாக, சிந்தியா இந்தியா, பர்மா, இலங்கைக் கரையோர வாணிகத்தோடு நின்றுவிட வேண்டும். அதன் கப்பல்களின் மொத்த அளவு 75,000 டன்னைத் தாண்டக் கூடாது.

இவ்வொப்பந்தத்தைக் குறித்து அன்றே இரு வேறு கருத்துகள் இருந்தன. சுதேசிக் கம்பெனி என்று சொல்லி மக்களிடம் பங்கு திரட்டியவர்கள், அந்நியக் கூட்டிலேயே சேர்ந்து, வளராமல் இருப்பதாகக் கையொப்பமிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னாளில் தோன்றிய சிறிய இந்தியக் கப்பல் கம்பெனிகள் பல, கட்டணப் போரில் நலிந்தபோது, கூட்டுக்குள் இருந்த சிந்தியாவால் அவற்றுக்கு வெளிப்படையாகத் துணை நிற்க முடியவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் காண வேண்டும். விற்றிருந்தால் கம்பெனியே இராது. மறுத்துப் போரைத் தொடர்ந்திருந்தால், டாட்டா லைன் சென்ற வழியே அதுவும் சென்றிருக்கும். ஒப்பந்தமோ பத்து ஆண்டுகளைத் தந்தது. அந்த ஆண்டுகளில் இந்தியர்கள் கப்பல் நடத்தக் கற்றனர். கணக்கும் பழக்கமும் உருவாயின. வங்கிகளிடமும் வணிகர்களிடமும் நம்பிக்கை வளர்ந்தது. ஒப்பந்தத்தின் எல்லை கசப்பானது. ஆயினும் அதற்கு ஒரு முடிவு நாள் இருந்தது. முடிவு நாள் இல்லாத சமரசம் அடிமைத்தனம். முடிவு நாள் உள்ள சமரசம் மூச்சு வாங்கும் இடம். சிந்தியா தேர்ந்தது இரண்டாவதை.

ஆட்டத்தின் விதியை மாற்றுதல்

கடலில் கட்டுண்ட கை, சட்டமன்றத்தில் கட்டுண்டிருக்கவில்லை. போட்டியின் விதிகளே ஒருபக்கம் சாய்ந்திருக்கும்போது, விதிகளை மாற்ற முயல்வதும் போட்டியின் ஒரு பகுதியே என்பதை வால்சந்தும் அவருடைய துணைவர்களும் உணர்ந்திருந்தனர். பல நாடுகள் தம் கரையோர வாணிகத்தைத் தம் நாட்டுக் கப்பல்களுக்கே உரியதாக்கியிருந்தன. இந்தியாவுக்கும் அவ்வுரிமை வேண்டும் என்பது கோரிக்கை.

இதில் ஒரு தமிழரின் பங்கை நாம் நினைவுகூர வேண்டும். 1922ஆம் ஆண்டு மத்திய சட்டமன்றத்தில் சர் பி. எஸ். சிவசாமி ஐயர் இந்திய வணிகக் கப்பல் துறையின் வளர்ச்சி குறித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாக ஒரு குழு அமைக்கப்பட்டது. கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கு உரியதாக்க வேண்டும் என்றும், இந்திய இளைஞர்களுக்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரையின்படி 1927ஆம் ஆண்டு பம்பாயில் 'டஃபரின்' பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. முதலாவதை அரசு ஏற்கவில்லை. சாராபாய் நேம்சந்த் ஹாஜி 1928ஆம் ஆண்டு அதற்காகவே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். நீண்ட விவாதங்களுக்குப் பின்னும் அது சட்டமாகவில்லை.

'ஆங்கிலேயருக்கும் இந்தியருக்கும் சம உரிமை இருக்கும்போது தனிச்சலுகை எதற்கு?' என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1931ஆம் ஆண்டு காந்தியடிகள் 'யங் இந்தியா' இதழில் இத்தகைய வாதத்தை எடுத்துக்கொண்டு, அரக்கனுக்கும் குள்ளனுக்கும் இடையே சமத்துவம் பேசுவதன் பொருளின்மையைச் சுட்டிக்காட்டினார். இன்று எதிர்த் தெருவின் பெருநிறுவனத்தைக் கண்டு திகைக்கும் சிறுவணிகருக்கும் அந்த எண்ணம் அயலானது அன்று.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950களின் தொடக்கத்தில் கரையோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கே உரியதாயிற்று. தீர்மானம் வந்த நாளிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அத்தனைக் காலமும் கம்பெனியை உயிரோடு வைத்திருந்தால்தான் அந்த வெற்றியால் பயன் உண்டு. 1923இன் கசப்பான கையொப்பத்தின் மதிப்பு அப்போது விளங்கியது.

கரையில் எழுந்த தளம்

1929ஆம் ஆண்டு நரோத்தம் மொரார்ஜி மறைந்த பின் வால்சந்த் கம்பெனியின் தலைவரானார். கப்பல்களைப் பிறரிடமே வாங்கிக்கொண்டிருக்கும் வரை போட்டி முழுமையாகாது என்று அவர் எண்ணினார். கல்கத்தாவில் இடம் பெறும் முயற்சி கைகூடாமற்போகவே, விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தார். 1941ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் இராஜேந்திர பிரசாத் அங்கே கப்பல் கட்டும் தளத்திற்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்நகரின் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பணி தடைப்பட்டது, ஆனால் கைவிடப்படவில்லை. 1948ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் அத்தளத்தில் கட்டப்பட்ட 'ஜல உஷா' என்னும் கப்பலை ஜவாஹர்லால் நேரு கடலில் இறக்கி வைத்தார். 'நீரின் விடியல்' என்னும் பொருள்படும் அப்பெயர் பொருத்தமானதே.

1952ஆம் ஆண்டு அத்தளம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் நிறுவனம் என்னும் பெயரில் அரசின் பெரும்பங்கு கொண்டதாயிற்று. அவர் 1940ஆம் ஆண்டு மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலையும், போர்க்காலத்திலேயே அரசின் பொறுப்புக்குச் சென்றிருந்தது. 1953ஆம் ஆண்டு வால்சந்த் காலமானார்.

அவருடைய வாழ்வில் குறைகளே இல்லை என்று எழுதுவது வரலாறு ஆகாது. ஒரு தொழில் வேரூன்றும் முன்னரே அடுத்ததைத் தொடங்கும் இயல்பு அவருக்கு இருந்தது. சர்க்கரை ஆலை, கட்டடக் குத்தகை, கப்பல், விமானம், மோட்டார் என்று அவர் கைவைத்த துறைகள் பல. அவற்றுள் சில அவர் கையில் நிற்கவில்லை. அவர் வளர்த்த சிந்தியா கம்பெனியின் கப்பல்களும் இன்று கடலில் இல்லை. ஆனால் இந்தியர்கள் கப்பல் நடத்த முடியாது என்ற எண்ணம் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. கம்பெனியைவிட நீண்ட நாள் வாழ்ந்தது அது திறந்த வழி.

நமக்குரிய அளவு

நம் அறநெறி இல்லறத்தார்க்கு வணிகத்தை விலக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களைக் கூறுமிடத்தில், திருட்டுப் பொருளை வாங்குதல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், நல்ல சரக்கில் போலியைக் கலத்தல் ஆகியவற்றையும் சேர்க்கிறது. பிறர் வீட்டில் புகுந்து எடுப்பது மட்டுமன்று, தராசில் குறைப்பதும் களவே என்று நம் ஆசிரியர்கள் கண்டனர். போட்டி கடுமையாகும்போது வணிகர் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். எதிரி விலையைக் குறைத்தால் நாம் தரத்தைக் குறைக்கலாமே என்று மனம் சொல்லும். அவ்வழியில் சென்றவர் எதிரியிடம் தோற்கும் முன்பே தம் வாடிக்கையாளரிடம் தோற்றுவிடுகிறார்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் இல்லறத்தார்க்கு உடைமையில் ஓர் அளவை வகுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த அளவைத் தாமே வகுத்துக்கொள்வது விரதம். எதிரி வகுத்துக் கொடுப்பது விலங்கு. சிந்தியாவுக்கு 75,000 டன் என்று எல்லையிட்டவர் எதிரி. அதை ஒரு காலத்திற்கு ஏற்று, பின் கடந்து சென்றனர். ஆனால் தம் தொழில்களின் எண்ணிக்கைக்கு வால்சந்த் தாமே ஓர் அளவு வகுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் வாழ்வு தரும் பாடம் நமக்கு முழுமையாகக் கிடைக்கும்.

தொழில் தொடங்கும் நம் இளைஞர்களுக்கு இவ்வரலாற்றிலிருந்து சொல்லத்தக்கவை சில. பெரியவர் விலையைக் குறைக்கும் இடத்திலேயே நின்று விலையைக் குறைத்துப் போரிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த களத்திற்கு, உங்களை அறிந்த வாடிக்கையாளரிடத்திற்கு நகருங்கள். முதல் முயற்சி தோற்றால் பெருமைக்காக அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். 'லாயல்டி'யை விட்டவர்களே 'ஜல உஷா'வைக் கண்டனர். இழப்பைத் தாங்கும் கையிருப்பு இல்லாமல் போட்டியில் இறங்காதீர்கள். சமரசம் செய்ய நேர்ந்தால் அதற்கு ஒரு முடிவு நாள் வையுங்கள். தனியாக நின்று முடியாததைச் சங்கமாகக் கூடிக் கேளுங்கள். விதியை மாற்றும் வேலை ஒருவரால் ஆவதன்று, ஓராண்டில் முடிவதுமன்று.

தூத்துக்குடியில் கவிழ்ந்த கனவும் பம்பாயில் நிலைத்த கம்பெனியும் ஒரே கடலில், ஒரே எதிரியின் முன் நின்றவை. முன்னவர் சிறையில் இழுத்த செக்கு, நாட்டுக்கு மானத்தைக் கற்பித்தது. பின்னவர் பொறுத்துக்கொண்ட பத்தாண்டுகள், வணிகருக்குப் பொறுமையைக் கற்பித்தன. இவ்விரண்டும் நம் பிள்ளைகளிடம் சேருமாயின், எதிர்த் தெருவில் எவ்வளவு பெரிய கடை வந்தாலும் அவர்கள் தம் கடையின் கதவை நாளையும் அச்சமின்றித் திறப்பர்.